ஒரு பிடி சோறும் ஒரு புகாரும்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் காலை ஏழு மணியை ஒட்டித்தான் விடிகிறது. சேவலுக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஐந்து மணிக்கே கூவத் தொடங்கிவிடும். எதிரெதிரே நிற்கும் இரண்டு அடுக்குமாடிப் புளோக்குகளுக்கு நடுவே அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதி, ஒரு சேவல் நான்கு சேவலாகக் கேட்கும்.

நான்காம் மாடியில் இருக்கும் பெரியவர் கம்பத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவர். கூவலைக் கேட்டதும் கண்ணைத் திறக்காமலேயே சிரிக்கிறார். ஒன்பதாம் மாடியில் ஓர் இளம் தாய் கைக்குழந்தையை நான்கு மணிக்குத்தான் தூங்க வைத்திருக்கிறார். குழந்தை விழித்துக்கொண்டு வீறிடுகிறது. பொழுது விடிந்ததும் பெரியவர் நேற்றைய மிச்சச் சோற்றைப் பையில் எடுத்துப் போய்ப் புல்வெளியோரம் தூவுகிறார். தாய் கைப்பேசியை எடுத்துப் புகார் ஒன்றைப் பதிகிறார். பிறகு இருவரும் ஒரே மின்தூக்கியில் சந்திக்கிறார்கள். “குட் மார்னிங் அங்கிள்.” “மார்னிங்மா, பாப்பா நல்லாயிருக்கா?” அவ்வளவுதான். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது.

சோறு போடுவதும் புகார் போடுவதும் ஒன்றுக்கொன்று எதிரான காரியங்கள் என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எனக்கு அவை இரண்டும் ஒரே பழக்கத்திலிருந்து வருவதாகப் படுகிறது. சோறு போட்டவர் தம் இரக்கத்தைச் செலவழித்துவிட்டு, அதனால் பெருகும் குஞ்சுகளை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும் என்று நடக்கிறார். புகார் கொடுத்தவர் தம் எரிச்சலைப் பதிந்துவிட்டு, அதன் பிறகு கோழிக்கு என்ன ஆனது என்று கேட்பதில்லை. அந்த ‘வேறு யாராவது’ ஒரு நாள் கூண்டோடு வந்து நிற்கிறார். அன்றைக்கு ஊரே கூடிச் சண்டை போடுகிறது.

சின் மிங் சொன்ன பாடம்

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சின் மிங் அவென்யூ வட்டாரத்தில் அப்படித்தான் நடந்தது. அப்போதிருந்த வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் அங்கே சுற்றித் திரிந்த 24 கோழிகளை அகற்றிக் கருணைக்கொலை செய்தது. முந்தைய ஆண்டில் அந்த வட்டாரத்திலிருந்து சத்தம் பற்றி 20 புகார்கள் வந்திருந்தன. 2016இல் தீவு முழுவதும் இப்படித் திரியும் கோழிகளைப் பற்றி வந்த புகார்கள் சுமார் 250. இருபது பேர் தூக்கத்துக்காக இருபத்து நான்கு உயிர்களா என்று செய்தித்தாள்களிலும் சமூக ஊடகங்களிலும் கோபம் கொப்பளித்தது. தீவில் அருகிவரும் காட்டுக்கோழி இனத்தையா கொன்றீர்கள் என்று இயற்கை ஆர்வலர்கள் கேட்டார்கள். சத்தத்துக்காகக் கொல்லவில்லை, பறவைக் காய்ச்சல் அபாயத்துக்காகவே அகற்றினோம் என்றது ஆணையம். வேறிடத்தில் விடலாமே என்றதற்கு, இந்தச் சின்னத் தீவில் அதற்கு இடமில்லை என்றது. விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது.

அன்று பேசியவர்களில் யாரும் பொய் சொல்லவில்லை. தூக்கம் கெட்டவரின் துன்பம் மெய். உயிர்களைப் பார்த்து மனம் இளகியவரின் வேதனையும் மெய். நோய் அபாயமும் கற்பனை இல்லை. தவறு வாதத்தில் இல்லை. அந்த வாதம் நடந்த நாளில் இருந்தது. இருபத்து நான்கு கோழிகள் ஒரே இரவில் வானத்திலிருந்து குதிக்கவில்லை. இரண்டாக இருந்தபோது அவை அழகாக இருந்தன. ஆறாக இருந்தபோது பிள்ளைகள் படம் எடுத்தார்கள். பன்னிரண்டானபோது ஒருவர் முணுமுணுத்தார். இருபத்து நான்கானபோதுதான் ‘கொல்லலாமா, கூடாதா’ என்ற கேள்வி வந்தது. அந்தக் கேள்வி வந்துவிட்டது என்றாலே அதற்கு முந்தைய பல மாதங்கள் நாம் எல்லாரும் தூங்கியிருக்கிறோம் என்று பொருள். சேவல் கூவியும் எழாத தூக்கம் அது.

அடை கிடந்தால் இருபத்தொரு நாளில் முட்டை பொரிகிறது. ஒரு பெட்டை ஓர் ஈட்டில் பத்து முட்டை வரை வைத்து அடை கிடக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் குஞ்சு தானே முட்டையிடும் பருவத்துக்கு வந்துவிடுகிறது. காட்டில் பாம்பும் உடும்பும் பூனையும் பசியும் இந்தக் கணக்கைக் கழித்துக்கொண்டே வரும். நாள்தோறும் சோறு தூவப்படும் புல்வெளியில் கழித்தலுக்கு வேலை குறைவு, கூட்டல் மட்டுமே நடக்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரையொட்டிய டிட்டிராங்கி என்ற சிற்றூரில் 2008இல் யாரோ விட்ட இரண்டு வளர்ப்புக் கோழிகள் சில ஆண்டுகளில் சுமார் 250 ஆகிவிட்டதாகச் செய்திகள் வந்தன. பெரும்பாலானவற்றைப் பிடித்து அகற்றினார்கள். 2020இல் பெருந்தொற்று ஊரடங்கின்போது மனித நடமாட்டம் குறைந்ததும் மீண்டும் முப்பதளவு தலைகாட்டின. கோழிக்காகப் போட்ட தீனியைத் தேடி எலிகளும் பெருகின என்று அவ்வூர்க்காரர்கள் சொன்னார்கள். கோழிக்கென்று போடும் சோறு கோழியோடு நிற்பதில்லை என்பது நம் புளோக்குகளின் புறாக்களையும் மைனாக்களையும் பார்த்தவர்களுக்குப் புதிய செய்தி இல்லை.

மஞ்சள் கால்கள்

இந்தக் கோழிகளை வந்தேறிகள் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. உலகத்தின் வளர்ப்புக் கோழிகள் எல்லாவற்றுக்கும் மூதாதை, தென்கிழக்காசியக் காடுகளின் சிவப்புக் காட்டுக்கோழி. அது சிங்கப்பூருக்குச் சொந்தமான பறவை. புலாவ் உபினிலும் தீவின் மேற்குக் காடுகளிலும் இன்றும் வாழ்கிறது. சாம்பல் நிறக் கால், காதருகே வெள்ளைத் திட்டு, வாலடியில் வெள்ளைப் பஞ்சு போன்ற இறகு ஆகியவை அதன் அடையாளங்கள். புளோக்குக்குக் கீழே மேய்கிற கோழியின் கால் பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். அதன் உடம்பில் வளர்ப்புக் கோழியின் இரத்தம் கலந்திருக்கிறது என்பதற்கு அது ஒரு சான்று.

அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்பது தமிழ் வாசகர்களுக்குச் சற்றுச் சுவையான கதை. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2008இல் வளர்ப்புக் கோழியின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணுவைத் தேடிப் போனார்கள். அது சிவப்புக் காட்டுக்கோழியிடம் இல்லை. சாம்பல் காட்டுக்கோழியிடம் கிடைத்தது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தென்னிந்தியக் காடுகளிலும் வாழும் நம் கானங்கோழி அதுதான். எப்போதோ ஒரு காலத்தில் அதன் இரத்தம் வளர்ப்புக் கோழியில் கலந்து, கப்பலேறிக் கடல் கடந்து, உலகம் சுற்றி, இன்று ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) புல்வெளியில் மஞ்சள் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது. புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த ஊரில் இந்தக் கோழிமேல் நமக்கு ஒரு பாசம் வருவது இயல்பு.

அந்தப் பாசம் பறவையின் கதையில் பாதியை மறைத்துவிடக் கூடாது. வளர்ப்புக் கோழி காட்டுக்கோழியோடு கூடினால் காட்டுக்கோழி மெல்ல மெல்லத் தன் இயல்பை இழக்கிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று 2023இல் வெளியிட்ட ஆய்வு, பழைய அருங்காட்சியக மாதிரிகளையும் இன்றைய காட்டுக்கோழிகளையும் ஒப்பிட்டது. கடந்த நூறாண்டுக்கு மேலான காலத்தில் காட்டுக்கோழியின் மரபணுவில் வளர்ப்புக் கோழியின் பங்கு கூடிக்கொண்டே வந்திருக்கிறது என்று அது காட்டியது. அதாவது, இயற்கையின்மீதுள்ள அன்பால் புல்வெளிக் கோழிக்கு நாம் போடும் ஒவ்வொரு பிடி சோறும், காட்டிலிருக்கும் அதன் பாட்டனை அழிக்கும் வேலைக்குத் துணைபோகலாம். யாரும் துப்பாக்கி தூக்காமலே ஓர் இனம் கரைந்துபோவது இப்படித்தான்.

நோய் பற்றிய அச்சத்தையும் அளவோடு சொல்ல வேண்டும். 1997இல் ஹாங்காங்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதன்முதலாக மனிதர்களைத் தாக்கியபோது 18 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தார்கள். அந்நகரம் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட கோழிகளைக் கொன்றது. 2017 மார்ச்சில் நமக்கு வடக்கே கிளந்தானில் அதே நோய் தென்பட்டது. அந்த நோயைச் சுமந்து வரக்கூடிய வலசைப் பறவைகள் வந்து தங்கும் ஊர் நம்முடையது. ஒவ்வோர் ஆண்டும் சுங்கை பூலோவின் சதுப்புநிலம் அவற்றால் நிறைகிறது. நாம் உண்ணும் முட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்ப் பண்ணைகளிலிருந்து வருகிறது. பண்ணைக் கோழி கூரைக்கும் வலைக்கும் உள்ளே இருக்கிறது, எண்ணிக்கையும் உண்டு. புல்வெளிக் கோழிக்கு இரண்டும் இல்லை. புளோக்குக் கோழியைப் பார்த்ததும் பயந்து ஓட வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. எண்ணிக்கை தெரியாத கூட்டம் நம் வீட்டு வாசலில் பெருகக் கூடாது என்றுதான் பொருள்.

பிடித்தால் தீருமா?

புகார் கொடுப்பவர்களுக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது: ‘அந்த ஒரு சேவலைப் பிடித்துவிட்டால் போதும்.’ ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சேவல் கூவலையே பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார்கள். வெளிச்சத்தைப் பார்த்து அல்ல, உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைப் பார்த்தே சேவல் கூவுகிறது என்று 2013இல் சொன்னார்கள். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே அது தொடங்கிவிடுகிறது. நம் ஐந்து மணிக் கணக்கு சரிதான். 2015இல் இன்னொன்றும் கண்டார்கள். கூட்டத்தில் மூத்த இடத்தில் இருக்கும் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்தொடரும். மூத்ததை அகற்றிவிட்டால் அடுத்த இடத்திலிருப்பது முதல் கூவலை எடுத்துக்கொள்ளும்.

நம் பிரச்சினை முழுவதும் அந்த வரிசைக்குள் அடங்கியிருக்கிறது. ஒன்றைப் பிடித்தால் அடுத்தது தயாராக நிற்கிறது. தீனி இருக்கிறவரை, புதர் இருக்கிறவரை, அடுத்தது என்று ஒன்று எப்போதும் இருக்கும்.

அமெரிக்காவின் தென்புறத் தீவு நகரான கீ வெஸ்ட்டும் இந்தப் பாடத்தைப் படித்தது. சேவல் சண்டைக் காலத்துக் கோழிகளின் வழிவந்தவை அங்கே தெருவெல்லாம் திரிகின்றன. சுற்றுலாப் பயணிகள் அவற்றைப் படம் எடுக்கிறார்கள், குடியிருப்போர் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். 2004இல் நகராட்சி ஒரு முடிதிருத்துநரைக் கோழி பிடிப்பவராக அமர்த்தியது. ஒரு கோழிக்கு 20 டாலர் என்று பேச்சு. எதிர்ப்பு கிளம்பியது, ஏற்பாடு நீடிக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2021இல், அந்த நகரம் வேறொரு முனையைப் பிடித்தது: திரியும் கோழிக்குத் தீனி போடுவதற்குத் தடை. கோழியில் தொடங்கி மனிதரின் கையில் வந்து நிற்க அவ்வளவு காலம் பிடித்தது.

நமக்கும் சட்டம் உண்டு. 2020 ஜூனில் நடைமுறைக்கு வந்த வனவிலங்குச் சட்டம் காட்டு உயிர்களுக்கு உணவிடுவதைக் குற்றமாக்கியிருக்கிறது. முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். வளர்ப்பு விலங்கைக் கைவிடுவதும் குற்றம். வீவக வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. இவ்வளவு இருந்தும் காலை ஆறரை மணிக்கு ஒவ்வொரு புல்வெளியிலும் ஓர் அதிகாரி நிற்க முடியாது. அங்கே நிற்பவர்கள் நாம்தான்.

பூனையிடம் கற்றதும் கோழியிடம் செல்லாததும்

புளோக்கு விலங்குகள் விஷயத்தில் இந்த ஊர் ஒருமுறை ஒத்துப்போய்க் காட்டியிருக்கிறது. வீவக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. உரிமமும் நுண்சில்லும் கட்டாயம், வீட்டுக்கு இரண்டு பூனை என்று வரம்பு. அதற்குப் பின்னால் தெருப் பூனைகளைப் பிடித்துக் கருத்தடை செய்து பழைய இடத்திலேயே விட்டுவந்த தொண்டர்களின் நீண்ட கால உழைப்பு இருக்கிறது. பூனைக்குச் சோறு வைப்பவரும் பூனையால் அவதிப்படுபவரும் ஒரே ஏற்பாட்டுக்குள் வந்தது அந்தக் கருத்தடையால்தான். பூனை இருக்கும், ஆனால் பெருகாது. இருவருக்கும் பாதி பாதி கிடைத்தது.

அதே வழியைக் கோழிக்கும் பின்பற்றலாமே என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி, ஆனால் கோழியின் உடம்பு அதற்கு இடங்கொடுக்காது. சேவலின் விதைகள் வயிற்றுக்குள்ளே இருக்கின்றன. விலாவைத் திறந்துதான் எடுக்க வேண்டும். புல்வெளிக் கோழி ஒவ்வொன்றையும் பிடித்து அப்படி அறுவை செய்வது நடக்கிற காரியம் இல்லை.

ஆனால் கோழி வேறொரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. பூனைக்குட்டி தாயின் வயிற்றுக்குள் வளர்கிறது. கோழிக்குஞ்சு வெளியே, ஒரு புதரடியில், ஓட்டுக்குள் வளர்கிறது. அதிலும் பெட்டை முட்டையிட்ட உடனே அடை கிடப்பதில்லை. நாளுக்கு ஒன்றாக இட்டுச் சேர்த்து, ஈடு நிறைந்த பிறகே உட்காருகிறது. அதுவரை முட்டைக்குள் கரு வளராமல் உறங்கிக் கிடக்கிறது. அந்தச் சில நாட்களில் முட்டையை எடுத்துவிட்டு, கூடு மாறிப் போகாதிருக்க ஓரிரு போலி முட்டைகளை வைத்துவிட்டால், துடிக்கும் உயிர் எதையும் தொடாமலே அடுத்த தலைமுறையை நிறுத்திவிடலாம். முட்டைகளை அகற்றுவதும் புதர்களைத் திருத்துவதும் அதிகாரிகள் ஏற்கெனவே சொல்லிவரும் முறைகள்தாம். நாம் அவற்றைக் கேட்டுக்கொள்ளவில்லை. முட்டைக்காக யாரும் புகாரும் போடுவதில்லை, கண்ணீரும் விடுவதில்லை. அதனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

கருணை காட்ட வேண்டிய இடம் அதுவே என்று நான் சொல்வேன். வளர்ந்த கோழியைக் கூண்டில் பார்க்கும்போது பொங்குகிற இரக்கம், ஆறு மாதம் முன்னதாகப் புதரைக் குனிந்து பார்த்திருந்தால் அந்தக் கூண்டே வந்திருக்காது.

யார் என்ன செய்வது?

புளோக்குதோறும் ஓர் எளிய உடன்பாடு எழுதிக்கொள்ளலாம். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கும். ஒவ்வொருவரும் ஒன்றை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கும்.

சோறு போடுகிறவர் சோற்றை விட வேண்டும். கேட்பதற்குக் கடினமாகத்தான் இருக்கும். “குஞ்சோட நிக்குதும்மா, எப்படிப் போடாம இருக்கிறது?” என்று கேட்பவரிடம் அபராதத் தொகையைச் சொல்லிப் பயனில்லை. அவருக்கு அந்தக் கோழி காலைப் பொழுதின் துணை. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு அவரோடு பேசுகிற ஒரே ஜீவன் அதுவாகவும் இருக்கலாம். அவரிடமிருந்து அதைப் பிடுங்குவதைவிட, வேறொரு பொறுப்பை அவர் கையில் கொடுக்கலாம். எந்தப் பெட்டை எந்தப் புதரில் முட்டையிடுகிறது, எது அடைக்குத் தயாராகிறது, எது இரண்டு நாளாகக் காணவில்லை என்பதெல்லாம் வட்டாரத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். எந்த அலுவலகத்திலும் கிடைக்காத அறிவு அது. அவரே கோழிகளின் கணக்குப்பிள்ளை ஆகட்டும். பார்த்ததைச் சொல்வது அவர் வேலை. முட்டையில் கை வைப்பது பயிற்சி பெற்றவர்கள் வேலை.

புகார் கொடுக்கிறவர் ‘கோழித் தொல்லை’ என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்தச் சேவல், எந்த இடம், எத்தனை மணி என்று எழுதட்டும். அதற்கும் மேலாக, புகாரின் முடிவில் தமக்கும் பங்கு உண்டு என்று ஏற்கட்டும். சத்தம் குறைந்தால் போதுமா, ஒன்றுகூட இருக்கக் கூடாதா என்று அவர்தான் சொல்ல வேண்டும். அதிகாலை ஐந்து மணித் தூக்கம் கேட்பது நியாயம். பகல் பதினொரு மணிக்குப் புல்லில் ஒரு பெட்டை மேய்வதையும் பொறுக்க முடியாது என்பது, இத்தனை மரங்களை நட்டு வளர்த்த ஊரில், கொஞ்சம் அதிகம்.

நகர மன்றத்துக்கு உரியவை குப்பைத்தொட்டி மூடிகளும் தாழ்ந்த புதர்களும். தரையைத் தொடும் அடர்ந்த வேலிச்செடி கோழிக்குப் பிரசவ அறை. அடிப்பகுதியை அரையடி திருத்திவிட்டால் மறைவு போய்விடும். பின்னே காப்பிக் கடைகள். மிச்ச உணவு வாளிகள் இரவு முழுவதும் திறந்து கிடக்கக் கூடாது. விடியற்காலையில் தரையைக் கூட்டும் துப்புரவு ஊழியர்களிடம் கேட்டால் சோறு எங்கே விழுகிறது என்று விரல் நீட்டிக் காட்டிவிடுவார்கள். அவர்களை யாரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. அழைக்க வேண்டும்.

2019 ஏப்ரலிலிருந்து விலங்கு நல விவகாரங்கள் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் வந்திருக்கின்றன. முட்டை அகற்றும் பயிற்சி, பிடிக்க வேண்டிய சேவல்களை அறிந்து பிடிப்பது, இடமும் மனமும் உள்ள வளர்ப்போர் கிடைத்தால் ஒப்படைப்பது ஆகியவை அவர்களால் மட்டுமே ஆகும். கொல்லாமல் முடியாது என்ற நிலை வந்தால், முன்கூட்டியே சொல்லி, காரணம் சொல்லிச் செய்யட்டும். சின் மிங்கில் காயப்படுத்தியது கொலை மட்டுமில்லை. விடிந்து பார்த்தபோது கோழிகள் இல்லாதிருந்ததும்தான்.

எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் எண் இருக்க வேண்டும். இந்தப் புல்வெளியில் இத்தனை கோழிக்கு மேல் கூடாது என்று குடியிருப்போரே கூடி முடிவு செய்யட்டும். காட்டையொட்டிய வட்டாரங்களில், காட்டுக்கோழியைக் காக்க, அந்த எண் பூஜ்யமாக இருக்கலாம். வேறிடத்தில் இரண்டு பெட்டைகள் இருந்துவிட்டுப் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்ணி மின்தூக்கி வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். எண் தாண்டினால் பிடிப்பதற்கு விலங்கு ஆர்வலர் குறுக்கே நிற்க மாட்டார். தாண்டாதவரை ஒழித்துக்கட்டச் சொல்லிப் புகார்தாரர் நச்சரிக்க மாட்டார். இரு தரப்பும் முன்கூட்டியே கொடுத்த வாக்கு அது.

சில மறுப்புகள்

முட்டையை எடுப்பதும் உயிரைப் பறிப்பதுதானே என்று சிலர் கேட்பார்கள். உயிரின்மீது உள்ள அந்த நுண்ணிய உணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் முட்டையையும் விட்டு, சோற்றையும் போட்டுக்கொண்டிருப்பவர், கூண்டு வரும் நாளைத் தள்ளிப் போடுகிறார், அவ்வளவே. இடையில் வண்டிச் சக்கரத்தில் சிக்கும் குஞ்சுகளையும் பூனை வாயில் போகும் குஞ்சுகளையும் கணக்கில் எடுப்பதில்லை. எது குறைவான துன்பம் என்று கேட்டால் விடை கடினமில்லை.

இயற்கை தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பார்கள் வேறு சிலர். சரிசெய்துகொள்ளும், நாம் கையைக் கட்டிக்கொண்டிருந்தால். பையும் சோறுமாக நாமே இயற்கையின் கணக்கில் புகுந்து விளையாடிவிட்டு, முடிவை மட்டும் அதன் தலையில் கட்டுவது நேர்மையாகாது.

ஒரு கோழிக்கு இவ்வளவு கூட்டமும் எண்ணிக்கையும் பலகையுமா என்று சிரிப்பவர்களும் உண்டு. அறுபது லட்சம் பேர் 735 சதுர கிலோமீட்டரில் அடுக்கடுக்காக வாழ்கிறோம். நீர்நாய்கள் கால்வாய்களுக்குத் திரும்பியிருக்கின்றன, குரங்கும் காட்டுப்பன்றியும் வேலியோரம் வந்து நிற்கின்றன. கோழி இவற்றில் எளியது. கடிக்காது, விரட்டாது, புதர் விட்டுப் புதர் தாண்டினால் அதன் உலகம் முடிந்துவிடும். இதற்கே அண்டை வீட்டாரோடு ஓர் உடன்பாடு எட்ட முடியவில்லையென்றால் காட்டுப்பன்றிக்கு என்ன செய்யப்போகிறோம்?

ஆகவே கூட்டத்தை மின்தூக்கியிலிருந்தே தொடங்கலாம். நான்காம் மாடிப் பெரியவரும் ஒன்பதாம் மாடித் தாயும் நாளைக் காலையும் சந்திப்பார்கள். பாப்பாவை விசாரித்து முடித்ததும் கதவு திறக்க இன்னும் சில நொடிகள் இருக்கும். தாய் கேட்கட்டும்: “அந்தக் கறுப்புப் பெட்டை எங்கே முட்டையிடுது, அங்கிள்?” பெரியவருக்கு விடை தெரியும். இத்தனை நாளும் அவரிடம் யாரும் கேட்கவில்லை.